அந்தமானுக்கு ரெண்டு சீட்டு

இல்லக்கா, மூணு வேணாம், ரெண்டு போதும். எனக்கும் பாப்பாவுக்கும். அவரு வரல. இருங்க, சொல்றேன். எனக்கு கோர்வையா பேச வராது, அஞ்சாவதோட நிறுத்திட்டாங்க என்னய. நீங்க கம்ப்யூட்டர்ல பேரு போட்டு பாருங்க, வருதா? கோதண்டராமன், வேண்டா, யோகிதா. வேண்டா நான்தான். சிரிங்க, பரவால்ல, எல்லாரும் சிரிப்பாங்க. எங்கம்மாவுக்கு நான் நாலாவது பொண்ணு, அதான் அந்த பேரு. ஆதார்லயும் அதேதான்.

ஆமா, கருங்குழி. போன மாசம் வந்தமே, ஞாபகம் கீதுங்களா? கறுப்பு வேட்டி, கழுத்துல துளசி மாலை, நெத்தி நெறைய சந்தனம். சாமி உக்காருங்கன்னு நீங்கதான் சேர இழுத்து போட்டீங்க. சர்ச்சுக்கு போறவங்க, நமக்கு எவ்ளோ மரியாத குடுக்கறாங்க பாருன்னு வழியெல்லாம் உங்கள பத்தியே பேசிகினு வந்தாரு. ஆமாக்கா, தங்கமாத்தான் பேசுவாரு. எல்லாரும் அத்தயேதான் சொல்றாங்க.

அந்த டிக்கெட்டு பொங்கல் கழிச்சு நாலாம் நாளுக்கு போட்டது. அத முன்னாடி மாத்தணும்க்கா. இன்னிக்கி முடியுமா? முடியாதுன்னா நாளைக்கி விடியகாலைல. தெரியும்க்கா, கிறிஸ்மஸ்ஸு, அரப் பரிச்ச லீவு, இந்த பனி காலத்துலதான் ஊரே அந்தமானுக்கு பறக்குதுன்னு அன்னிக்கே சொன்னீங்க. உங்க பண்டிக நேரத்துல வந்து பேஜாரு குடுக்கறேன். வாசல்ல ஸ்டாரு நல்லா கீதுக்கா. பாப்பா அதையே பாத்துகினு கீறா.

எது, அவ கவுன்லயா? அது குங்குமம்க்கா. சாமி அலமாரில டப்பா கவுந்துட்டுது. மாத்திவுட நேரமில்ல, செங்கல்பட்டு பஸ்ஸு வந்துட்டுது, அப்பிடியே தூக்கிகினு ஓடியாந்துட்டேன். சாக்லேட்டா? குடுங்க, வாங்கிப்பா. வாங்கிக்கோ பாப்பா, அத்த குடுக்கறாங்கல்ல. அவ பேச மாட்டாக்கா. காலைலேர்ந்து பேசல.

அவரு ஏன் வரலன்னா, மதுராந்தகத்துல அவரு பெரியப்பா தவறிட்டாரு. விடியகாலைல போனு வந்துது. ஐயய்யோ, அதுக்கு இன்னாக்கா, வயசானவரு, ரெண்டு மாசமா படுக்கையிலதான் இருந்தாரு. நான் ஏன் சாவு வூட்டுக்கு போவலயா? போவணும்தான். போவலாம். அதுக்குள்ள இந்த டிக்கெட்டு வேலய முடிச்சிடலாம்னு. அவரு டிக்கெட்ட கேன்சல் பண்ணி, அந்த காச எங்க தேதிய மாத்தறதுக்கு போட்டுக்க முடியுமாக்கா?

சீசன் டிக்கெட்டுன்னா திரும்ப தர மாட்டாங்களா? குடும்பத்துல சாவுன்னு சொன்னா கூடவா? ஓ. பெரியப்பா செத்ததெல்லாம் செல்லாது. டிக்கெட்டுல பேரு கீற ஆளே செத்தாதான், அதுவும் சர்டிபிகேட்டு வெச்சாதான். சரி. இல்ல, ஒண்ணும் யோசிக்கல. சரிக்கா, நீங்க சீட்டு கீதான்னு பாருங்க. மெதுவா பாருங்க.

அங்க நெசமாவே நாலு பக்கமும் கடலா? அப்ப வேன் வர முடியாதுல்ல? சும்மா கேட்டேன். அவரு வேன் ஓட்றாருல்ல, அதான். ஏர்ப்போட்டுல ஆளுங்கள ஏத்திகினு போயி மாபலிபுரத்துல எறக்கிவுட்டு, கோயில காட்டி, கடல காட்டி, திரும்ப கொண்டாந்து வுடறதுதான் அவரு வேல. வண்டில வந்த ஒரு பம்பாய்க்கார குடும்பம், வழியெல்லாம் அந்தமான பத்தியே பேசிச்சாம். அடில கண்ணாடி வெச்ச படகாம், கீழ மீனு, பவளம்னு. மத்தவனுக்கு கடல காட்டியே நான் கெழவனாயிடணுமா, இந்த வாட்டி நம்மளும் போறோம் சாமின்னாரு. எங்கிட்டதான். மாலை போட்டா பொண்டாட்டியும் சாமிதானே அவருக்கு.

கொழந்த கைதட்டி குதிச்சா. நான் மட்டும் சுண்டு வெரல புடிச்சிகினு நின்னேன்.

ஏன்னா... ஒண்ணு சொல்லட்டுமா? வெளில சொல்லாதீங்க. இல்ல, சொன்னாலும் இனிமே ஒண்ணுமில்ல. அவரு ஊருக்கு கூட்டிகினு போனா, அதுக்கு முன்னாடி ஒண்ணு கீது. கல்யாணம் ஆன மொத வருசம் வண்டலூருல சிங்கம் காட்டினாரு. அதுக்கு மொத நாளு கன்னத்துல ரெண்டு அற. அடுத்த வருசம் சென்னைல மாலுக்கு கூட்டிகினு போயி சினிமா, ஐஸ்கிரீமு. அதுக்கு மின்னாடி வெரலு ஒடஞ்சிது, இந்த சுண்டு வெரலு. போன வருசம் மாபலிபுரத்துல ஏசி ரூமு, ரெண்டு நாளு, நண்டு வறுவலு, கலங்கர வெளக்குகிட்ட நிக்கவெச்சு போட்டோ. அதுக்கு மின்னாடிதான் இந்த எடது காது போச்சு. நீங்க பேசறப்ப நான் தலைய திருப்பி திருப்பி வெக்கறேன்ல, அதுக்குத்தான். மரியாத இல்லாம இல்ல.

இந்த வாட்டி பிளேனு, கப்பலு, தீவு. அப்ப அதுக்கு மின்னாடி எவ்ளோ கீதுன்னு நீங்களே நெனச்சிக்கோங்க.

குடியெல்லாம் இல்லக்கா, மாலை போட்டா குடிக்க மாட்டாரு. அடிக்கவும் மாட்டாரு. கார்த்திக ஒண்ணாந்தேதி மாலை போட்டாருன்னா, மலைக்கு போயி வந்து கழட்டற வரைக்கும் கைய ஓங்க மாட்டாரு. பச்ச தண்ணில குளிச்சிட்டு, பாய்ல படுத்துகினு, கெட்ட வார்த்த ஒண்ணு வராது வாயில. அக்கம்பக்கத்துல எல்லாம் என்னய கொடுத்துவெச்சவன்னு சொல்வாங்க. நானும் மொத வருசம் அப்பிடித்தான் நெனச்சேன். அந்த அம்பது நாளு நல்லா தூங்கினேன்க்கா.

எங்க வூட்ல தாளு கிழிக்கற காலண்டரு கீது. தெனம் காலைல அவருதான் கிழிப்பாரு. நல்ல நாளு தாள கசக்கி போட்ருவாரு. நான் தப்பு பண்ண நாளு தாள மட்டும் காலண்டருக்கு கீழ ஒரு ஆணி அடிச்சு வெச்சிருக்காரு, அதுல குத்திடுவாரு. கத்த மாட்டாரு. சாமி, இன்னிக்கி சாம்பார்ல உப்பு இல்ல சாமின்னு சிரிச்சிகினே சொல்லுவாரு. சொல்லிட்டு ஆணில குத்துவாரு. நானும் சரிங்க சாமின்னுவேன்.

சாம்பாரு ஒரு தாளு. வெளக்கு வெக்க லேட்டானது ஒரு தாளு. குருசாமி வந்தப்ப இன்னாமோ ஜோக்கு சொன்னாரு, நான் சிரிச்சிட்டேன், அது ஒரு தாளு. வூட்டுக்கு தூரமானது ரெண்டு நாளு மின்னாடியே வந்துட்டுது, அதுக்கு ஒண்ணு. அத நான் இன்னாக்கா பண்ணுவேன்? மலைக்கு போயி வந்து, மாலைய கழட்டி சாமி படத்துல மாட்டிட்டு, தலப்பாக்கட்டு பிரியாணி வாங்கியாந்து துன்னுட்டு, டிவிய சத்தமா வெச்சிட்டு, தாள ஒண்ணொண்ணா எடுத்து தேதிய படிப்பாரு. படிச்சிட்டு, வேன் இன்ஜின்ல மாட்டற ரப்பர் பெல்ட்டு, பழசு, கதவு பின்னாடி தொங்கும், அத எடுப்பாரு. போன வருசம் ஒம்போது தாளு.

அழாதீங்கக்கா. நான் அழல பாருங்க. சீட்டு கீதான்னு பாருங்க.

அம்மாகிட்ட சொன்னேன். மாலை போட்ட மனுசன் மேல பழி போடாதடி, சாமி குத்தமாயிடும்னாங்க. அதுக்கப்பால யாருகிட்டயும் சொல்லல. ஆனா இந்த வாட்டி நீங்க அந்த டிக்கெட்ட கையில குடுத்தீங்க பாருங்க, அன்னிக்கி ராத்திரியே எனக்கு ஒரு யோசன வந்துது. அவரு இருமுடி கட்டிகினு மலைக்கு கெளம்பற அன்னிக்கி, நானும் பாப்பாவும் இங்க வந்து, உங்க கால புடிச்சாவது தேதிய மாத்தி, பிளேன் ஏறிடணும். அவரு மாலை கழட்டறப்ப நாங்க கடலுக்கு அந்தாண்ட இருக்கணும். அங்க போயி இன்னா பண்ணுவேன்னு கேக்காதீங்க. பாத்திரம் கழுவுவேன். மீனு கழுவுவேன். வேன் வராதுல்ல, அது போதும்னு நெனச்சேன். இன்னும் இருவது நாளு கீது, அது வரைக்கும் ஆணில தாளு ஏறினா ஏறட்டும்னு தகிரியமா இருந்தேன். நேத்து வரைக்கும் பதினாலு.

எல்லாத்தையும் கெடுத்தது நான்தான்க்கா. காலைல போனு வந்தப்ப அவரு குளிச்சிகினு இருந்தாரு. எடுத்தது நானு. பெரியப்பா போயிட்டாருன்னாங்க. நான் பாட்டுக்கு போன அமுத்திட்டு சும்மா இருந்திருக்கலாம். ஒரு மணி நேரம் கழிச்சு வேற யாராவது சொல்லியிருப்பாங்க, அதுக்குள்ள அவரு வண்டிய எடுத்துகினு போயிருப்பாரு. என் புத்தி. சாவு சேதிய மறைக்க கூடாதுன்னு ஓடிப் போயி சொன்னேன். சொன்னதுக்கு அப்பால, அவரு மூஞ்சிய பாத்த பெறவுதான் எனக்கு உறைச்சிது.

உங்களுக்கு தெரியாதுல்ல. பங்காளி வூட்ல சாவு வுழுந்தா தீட்டுக்கா. தீட்டு வந்தா மாலைய கழட்டிடணும். அந்த வருசம் மலைக்கு போவ முடியாது.

குருசாமிக்கு போன போட்டு கேட்டாரு. கழட்டிடுப்பான்னு அவரும் சொல்லிட்டாரு. ஈரத் துண்டோட வந்தாரு, சரணம் சொன்னாரு, மாலைய கழட்டி படத்துல மாட்டினாரு. கண்ணுல தண்ணி. நெசமாவே அழுதாருக்கா, மலைக்கு போவ முடியலயேன்னு. சரி, சாவு வூட்டுக்கு கெளம்பிடுவாருன்னு நான் சட்டைய எடுத்துகினு வந்தேன். அவரு காலண்டருகிட்ட போயி நிக்கறாரு.

டிவிய போட்டாரு.

மொத தாளு, ரெண்டாந்தாளு, மூணாந்தாளு. கீழ உக்காந்து கைய தலைக்கு வெச்சிகினேன். இங்க பாருங்க. முதுக காட்ட கூச்சமா கீது, கையில மட்டும் பாருங்க. ஏழு வரைக்கும் எண்ணினேன். சத்தத்துல பாப்பா எழுந்து வந்துட்டா. போ உள்ளன்னேன். அவரு நிறுத்திட்டு அடுத்த தாள எடுத்தாரு. மார்கழி அஞ்சு. அது என்னுது இல்லக்கா. பாப்பாவுது. அன்னிக்கி அவ தெரு நாய்க்குட்டி கழுத்துல பாசிமணிய மாட்டிவுட்டு, சாமியே சரணம் ஐயப்பான்னு கூட்டிகினு வெளயாண்டா. அவரு பாத்து சிரிச்சாரு. நானும் அது வெளயாட்டுன்னு வுட்டுட்டாருன்னு நெனச்சேன். நாலு வயசுக்கா. ஆணில அவ தாளும் இருந்துருக்குது, எனக்கு தெரியாது.

இங்க வா சாமின்னு கூப்பிட்டாரு. அவளும் நைனான்னு கிட்ட போயி நின்னா. கைய நீட்டுன்னாரு. நீட்டினா.

சரி, அத வுடுங்க. சீட்டு கீதா? நாளைக்கி காலைலயா, ரெண்டு கீதா! சாமி. நல்லா இருப்பீங்கக்கா. திரும்பி வரதுக்கும் போட்டுடுங்க, மூணு நாளு கழிச்சு. ஆமா, திரும்பி வருவேன். ஒளிஞ்சிக்கற யோசனையெல்லாம் இப்ப இல்ல. கண்ணாடி படகுல ஒரு வாட்டி பாப்பாவுக்கு மீனு காட்டிட்டு வந்துட்டா போதும். அதுக்கப்பால அவ எங்கம்மாகிட்ட இருப்பா.

அப்பாலக்கா, நீங்க சொன்னீங்களே, டிக்கெட்டுல பேரு கீற ஆளே செத்துட்டா காசு திரும்ப வரும்னு. அந்த சர்டிபிகேட்டு எங்க குடுப்பாங்க? பேரூராட்சி ஆபீசுலயா, ஆஸ்பத்திரிலயா?

பெரியப்பாவுக்கு இல்லக்கா.

பெல்ட்டு தொங்கற அதே கதவு பின்னாடி வீல் பானா சாய்ச்சு வெச்சிருப்பாரு. டயரு கழட்டறது, கனமா இருக்கும். அவரு பாப்பா கைய புடிச்சிகினு குனிஞ்சிருந்தாரு. ஒரு வாட்டிதான்க்கா. அவர மாதிரி தாளு எண்ணிகினு இல்ல. ரெண்டாவது வாட்டி தேவப்படல.

பயப்படாதீங்க. எழுந்துக்காதீங்க, பாப்பா பயந்துடுவா. டிவிய நிறுத்திட்டுதான் வந்தேன். மேல ஒரு போர்வ போட்டேன், மாலைய மட்டும் அவரு மேல வெக்கல, தீட்டுல்ல. இந்தாங்க வூட்டு சாவி. சில்லற பர்சுல வெச்சிருந்தேன், கறையா கீது, தொடச்சி குடுக்கறேன் இருங்க. யாரு வந்து கேட்டாலும் குடுத்துடுங்க.

போன எடுக்கறீங்களா? பண்ணுங்கக்கா. நான் ஒண்ணும் சொல்லல, நீங்க பண்ணித்தான் ஆவணும். டேசன்லேர்ந்து அவங்க வரதுக்கு எப்பிடியும் பத்து நிமிசம் ஆவும்ல?

அதுக்குள்ள அந்த ரெண்டு சீட்ட போட்டுடுங்க. பாப்பாவுக்கு சன்னலோரமா.