பேய் பங்களாவுக்கு ஓர் எலுமிச்சம்பழம்

அடையாற்றில், பேய் இருப்பதாக ஊரே சொல்லும் அந்தப் பழைய பங்களா இப்போது மியூசியம். ஞாயிற்றுக்கிழமை காலையில், மகளை இங்கே அழைத்து வந்தது சரிதானா என்று யோசித்துக்கொண்டே டிக்கெட் வரிசையில் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் நின்ற பெண் பக்கத்திலிருந்த இளைஞரிடம் சொன்னாள்:

“கபாலி கோயில்ல வெச்சுப் பேசிப் பாருங்கன்னுதான் வீட்டுல சொன்னாங்க. பேய் பங்களான்னு மாத்தினது நான்தான். கோயில்ல எல்லா மாப்பிள்ளையுமே நல்லவராத்தான் தெரியறாங்க.”

மகளின் காதைப் பொத்தினேன்.

“எனக்குப் பேய்னா பயங்க” என்றார் இளைஞர்.

“அப்புறம் ஏன் வந்தீங்க?”

“நீங்க வரச் சொன்னீங்களே.”

“சட்டைப் பையில என்ன, புடைச்சிட்டிருக்கு?”

“எலுமிச்சம்பழம். அம்மா மந்திரிச்சு வாங்கிட்டு வந்தாங்க. இது இருந்தா பேய் அண்டாதாம்.”

அவள் சிரித்த சிரிப்பில் வரிசையே திரும்பிப் பார்த்தது. இந்தச் சம்பந்தம் அவ்வளவுதான் என்று எனக்கே கவலையாகிவிட்டது.

கதவு திறந்தது. உள்ளே ஒரே இருட்டு. அவர் பழத்தை எடுத்து அவளிடம் நீட்டினார்.

“ஒண்ணுதாங்க இருக்கு. நீங்க வெச்சுக்குங்க.”

“அப்ப நீங்க?”

“உங்க பின்னாடியே ஒட்டிக்கிட்டு வந்துடறேன்.”

மகளின் காதிலிருந்து கையை எடுத்துவிட்டேன். அந்தப் பெண் பழத்தைக் கைக்குள் இறுக்கிக்கொண்டு போனை எடுத்தாள்.

“அம்மா, பையன் சரியான பயந்தாங்கொள்ளிம்மா. இல்ல, இன்னும் உள்ளயே போகல. நீ அவங்க வீட்டுல சரின்னு சொல்லிடு.”