இரு பக்கமும் மடங்கும் கட்டில்

மடக்குக் கட்டிலை நான் ஒருநாளும் குறை சொன்னதில்லை. இடம் போதாத வீடுகளுக்கு அதைவிட உபகாரமான பொருள் கிடையாது. நீங்கள் என்னை அழைத்துவர வந்தபோதுகூட ஒன்றில்தான் படுத்திருந்தேன்.

என் மனைவியின் அண்ணன் அவற்றைச் செய்து விற்பவர். நான் கல்லூரியில் கணக்கு வாத்தியார். கீல் போட்டு இணைத்த சட்டங்கள் எப்படியெல்லாம் மடங்கும் என்பதுதான் என் ஆராய்ச்சி. நான்கு சட்டங்கள் ஒரே கோட்டில் படுத்துவிட்டால், அடுத்து எந்தப் பக்கம் போவது என்று அவற்றுக்கே தெரியாது. நேராகவும் எழலாம், குறுக்கே மாறியும் எழலாம். மச்சான் பட்டறையில் தனக்கென்று புது மாதிரியாக, சுவரில் பதித்த பெட்டிக்குள் மடித்து வைக்கிற ஒரு கட்டில் செய்துகொண்டார். விரித்தால் அதன் சட்டங்கள் அப்படித்தான் படுத்துக் கிடக்கும். குறுக்கே மாறினால், படுத்திருப்பவரின் எடையே கட்டிலைக் கவிழ்த்து, அவரோடு சேர்த்துச் சுவர்ப்பெட்டிக்குள் மூடிவிடும்.

சொன்னேன். சிரித்தார்.

"மாப்ளே, உங்க கணக்கெல்லாம் காகிதத்துலதான் மடங்கும். என் கட்டில் நான் சொன்ன பக்கம்தான் மடங்கும்."

மனசு கேட்கவில்லை. நானே ஒரு தடுப்புக் கட்டை செதுக்கி, கீலுக்குப் பக்கத்தில் திருகி வைத்தேன். போனால் போகிறது என்று விட்டுவிட்டார்.

அதன்பிறகு எந்த விருந்துக்குப் போனாலும் அதே பேச்சு. "இத்தனை வருஷமாப் படுக்கறேன், ஒரு நாளாவது மாறி மடங்குச்சா? சொல்லுங்க வாத்தியாரே." எல்லோரும் சிரிப்பார்கள். என் மனைவியின் சிரிப்புதான் கடைசியில் அடங்கும். மாறி மடங்காததற்குக் காரணமே என் கட்டை என்பது ஒருவர் மண்டையிலும் ஏறவில்லை. எனக்கு வயிறு எரிந்தது. அதை உங்களிடம் மறைப்பானேன்.

ஆகவே கட்டையைக் கழற்றிக்கொண்டேன். அது என்னுடையதுதானே.

மதியம் சாப்பிட்டுவிட்டு வந்து படுத்தார். நான் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். புரண்டு படுத்தார். சட்டங்கள் குறுக்கே மாறின, நான் வரைந்து காட்டியிருந்த அதே விதமாக. பெட்டி மூடிக்கொண்டது. உள்ளேயிருந்து தட்டினார்.

"மாப்ளே, திறங்க. மூச்சு முட்டுது."

கைப்பிடி எனக்கு எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது. திறக்கக் கூடாது என்று நான் நினைக்கவே இல்லை, இதைக் கட்டாயம் எழுதிக்கொள்ளுங்கள்.

"எந்தப் பக்கம் மடங்குச்சுன்னு சொல்லுங்க மச்சான், உடனே திறக்கறேன்" என்றேன்.

ஒரு வார்த்தை சொன்னால் போதும். தட்டுகிற சத்தம் நிற்கும்வரை பொறுமையாகக் காத்திருந்தேன். அதற்குப் பிறகும் கொஞ்ச நேரம் காத்திருந்தேன். அவர் சொல்லவே இல்லை. அவ்வளவு பிடிவாதம் பிடிக்கிற மனிதரை நான் எப்படிக் காப்பாற்றுவது?