கிள்ளிய இலைகள்

— எந்திரிக்கவே மாட்டேங்குதா?

— காலைலேர்ந்து இப்டியேதான் கெடக்குதுக்கா. வாயெல்லாம் நுரை...

— ஐயோ, பிஸ்தா! நேத்து கூட என் துப்பட்டாவ மென்னுக்கினு இருந்துச்சே. ஆட்டுக்கு இன்னாடி போட்ட?

— அகத்தி, தவிடு... எப்பவும் போலதான், பிரிசில்லா அக்கா.

— விடிஞ்சா பக்ரீத். உங்கப்பாவுக்குச் சொன்னியா?

— ஷூ கம்பெனிலேர்ந்து கெளம்பிட்டாராம். பள்ளிகொண்டா மாட்டு டாக்டரையும் கூட்டினு வர்றாரு. நோய் ஆட்ட குர்பானி குடுக்கக் கூடாதுல்ல...

— அது கெடக்கட்டும், மொதல்ல உசுரு பொழைக்கட்டும். வாயோரம் இன்னா பச்சையா?

— புல்லுதான்...

— புல்லா? தள்ளு... கர்த்தாவே! உமைமா, இது என் ஐவிக் கொடிடி!

— ஐவியா?

— ஏலகிரிலேர்ந்து ஒரே ஒரு குச்சி கொண்டாந்து, இந்த வெயில்ல வலை கட்டி, இலை இலையா தொடைச்சு வளத்தது. எனக்குத் தெரியாதா? இது விஷம்டி! ஆடு மாடு வாய வெக்கக் கூடாது.

— எங்க வீட்டுக்கு எப்டிக்கா வந்துச்சு?

— நான்தான்... நேத்து கொடிய வெட்டி விட்டேன். கொஞ்சம் செவுத்துக்கு இந்தாண்ட விழுந்திருக்கும். உங்கப்பா மொகத்துல எப்டி முழிப்பேன்? வருஷா வருஷம் மொத பிரியாணி எனக்குத்தான குடுத்து விடுவாரு...

— அழாதீங்கக்கா. தெரியாம நடந்துச்சு. யாரும் உங்கள திட்ட மாட்டாங்க.

— இரு... இரு இரு.

— இன்னாக்கா?

— நான் கத்திரி போட்டு கொடியோட வெட்டுவேன். கணுவுக்கு மேல, சாய்வா. இங்க ஒரு துண்டு கொடி கூட இல்லியே? எல்லாம் தனித்தனி இலை. கையால கிள்ளினது.

— ஆடே எட்டிக் கடிச்சிருக்கும்...

— ஆறடி செவுரு. கட்டிப் போட்ட ஆடு. நல்லா எட்டுச்சு போ!

— பிஸ்தாவுக்குத் தண்ணி கொண்டாறேன்க்கா...

— என்னப் பாரு. போன வாரம், எதுக்குக்கா கையுறைன்னு கேட்ட. சாறு பட்டா அரிக்கும், ஆடு தின்னா வயிறு கெட்டுரும்னு சொன்னேன். உன் ஒருத்திகிட்டதான் சொன்னேன்.

— பொறந்த மூணாம் நாளே அதோட தாய் செத்துப் போச்சுக்கா. புட்டிப்பால் குடுத்து வளத்தது நான். என் கட்டிலுக்குக் கீழதான் தூங்கும்... ஒரு நாள் வயிறு சரியில்லாம படுத்துச்சுன்னா, வேற ஆடு பாத்துக்குவாங்கன்னு...

— அடிப்பாவி!

— நாலே நாலு இலைதான் குடுக்க நெனச்சேன். பிஸ்தா என் கையிலேர்ந்து வாங்கி வாங்கித் தின்னுச்சு. நான் குடுத்தா எதையும் மோந்து கூட பாக்காம தின்னுரும்க்கா...

— எவ்ளோ தின்னுச்சு? சொல்லித் தொலை! அது தெரிஞ்சாதான டாக்டரு மருந்து குடுப்பாரு!

— ரெண்டு கை நெறைய... ஐயோ, அப்பா வண்டி! அக்கா, டாக்டர்கிட்ட நீங்களே சொல்லிருங்கக்கா. அப்பவே சொன்னீங்களே... உங்க செவுத்துலேர்ந்து விழுந்துச்சுன்னு... அப்டியே சொல்லிருங்கக்கா...