வாசலில் பெயர் கூப்பிடுகிறவன்

இங்கே சாப்பாடு ஒன்றும் மோசமில்லை, ஐயா. முதல் வாரம்தான் தொண்டையில் இறங்காது. அப்புறம் தட்டை வழித்துவிடுவோம். விளக்கை அணைக்கவே மாட்டார்கள் என்பதால் கையைக் கண்மேல் போட்டுத் தூங்கப் பழகுவோம். செருப்பு காணாமல் போகும் என்பதால் அதைத் தலைக்கு வைத்துக்கொள்வோம். ஜெயிலில் எல்லாம் பழகிவிடும். சந்திப்பு நாளில் வாசலையே பார்த்து உட்கார்ந்திருப்பது மட்டும் ஆளை அரித்துவிடும்.

பார்க்க வருகிறவர்கள் வாசலில் கைதியின் பெயரைச் சொல்வார்கள். உள்ளே போய் அந்தப் பெயரைக் கூப்பிடுவது என் வேலை. நானும் கைதிதான், ஒழுங்காக இருக்கிறேன் என்று கொடுத்த வேலை அது.

தையல்காரன் என் அறைக்கு வந்த புதிதில் ரொம்பக் கஷ்டப்பட்டான். மனைவி வந்துபோனால் மறுநாள் முழுக்கச் சாப்பிட மாட்டான், சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்து அழுவான். எனக்கு மனசு கேட்கவில்லை. அதனால் ஒரு சந்திப்பு நாளில் அவன் பெயரைக் கூப்பிடாமல் விட்டேன்.

வாசலில் அவள் இடுப்பில் பெண்குழந்தையோடு நின்றாள். "உங்களைப் பார்க்க இஷ்டமில்லைன்னு சொல்றாரும்மா" என்றேன்.

"நல்லா இருக்காராண்ணே?" என்று மட்டும் கேட்டாள்.

"நல்லா இருக்கார்."

அது பொய்யில்லை. மறுநாள் அவன் சாப்பிட்டான். பிறகு வந்தபோதெல்லாம் அதையேதான் சொன்னேன். அவனிடம், "யாரும் வரலப்பா" என்பேன். கடைசியில் அவளும் வருவதை விட்டுவிட்டாள்.

தையல் கூடத்தில் மிச்சத் துணியில் மகளுக்குக் கவுன் தைப்பான். "இந்நேரம் வளர்ந்திருப்பாண்ணே" என்று வருஷத்துக்கு வருஷம் நீளத்தில் நாலு விரல் கூட்டுவான். "வந்தா குடுத்திடுங்க" என்று என்னிடம் தருவான். பார்க்க வருகிறவர்கள் உட்காரும் பெஞ்சைத் துடைக்க அந்தத் துணி நன்றாக இருந்தது. ஒரு வருஷம் அவன் கவுன் தைக்கவில்லை. ஒருவழியாகப் பழகிவிட்டான் என்று எனக்கு நிம்மதி.

விடுதலையாகிப் போனபோது, "தேடாதே, அவ வேற வாழ்க்கை அமைச்சுக்கிட்டா" என்று சொல்லி அனுப்பினேன். மழைக்காலம் முடிவதற்குள் போலீஸ் ஜீப்பின் கண்ணாடியை உடைத்துவிட்டுத் திரும்பி வந்தான். பாயை விரித்துக்கொண்டே, "வீட்டுக்கு வந்துட்டேண்ணே" என்று சிரித்தான். அன்றைக்கு நான் அழுதேன், ஐயா. சந்தோஷத்தில்தான். அப்புறமும் தண்டனை முடிந்து வெளியே போகும்போதெல்லாம் எதையாவது உடைத்துவிட்டு என்னிடமே வருவான்.

இன்றைக்கு அந்தக் குழந்தை வாசலில் என்னைத் தாண்டி நேரே ஜெயிலர் அறைக்கு, உங்களிடமே வந்துவிட்டாள். அவன் கூட்டின விரல்களையெல்லாம் மீறி வளர்ந்திருக்கிறாள். அம்மா சாகும்போதுகூட, "அவருக்கு என் மேல என்ன கோபம்?" என்று கேட்டுக்கொண்டே போனாளாம்.

எல்லாம் நான் செய்ததுதான். மறுக்கவில்லை. அவன் நல்லதுக்காகத்தான் செய்தேன். இப்போது அவனைக் கூப்பிடச் சொல்கிறீர்கள், கூப்பிடுகிறேன். இந்த வாசலிலிருந்து எத்தனையோ பேரின் பெயர்களை உள்ளே கொண்டுபோயிருக்கிறேன். என் பெயரை மட்டும் யாரும் வந்து சொன்னதில்லை, ஐயா.