இரண்டும் சேர்ந்து மாறும்போது

தேக்கா சந்தைக் கடையில் தே தாரிக் குடிக்கும்போது நான் யாருடனும் வாதாடுவதில்லை. ஆறிப்போன தேநீர் எனக்குப் பிடிக்காது. அன்று வாதாடினேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள், இன்ஸ்பெக்டர்.

நான் அப்துல் கஃபார், பல்கலைக்கழகத்தில் இடவியல் கற்பிக்கும் கணிதக்காரன். கப்பல் பட்டறையின் புதிய கிரேனுக்கு நடேசன் என்ற பொறியாளர் எழுதிய நிரலைச் சரிபார்க்க என்னை அமர்த்தியிருந்தார்கள். காற்றின் வேகத்தையும் தொங்கும் சுமையின் ஆட்டத்தையும் பார்த்து, கம்பிவடத்தை எவ்வளவு இழுப்பது என்று அது முடிவு செய்யும்.

மனிதர் ஒன்றை நிறுத்திவைத்து மற்றதை மாற்றிப் பார்த்திருந்தார். இரண்டு முறையும் விடை சீராக நகர்ந்ததாம். ஆகவே இரண்டும் சேர்ந்து மாறினாலும் அப்படித்தானாம். இரண்டாமாண்டு மாணவன்கூட இப்படி எழுதக் கூசுவான். அந்தத் தேநீர்க் கடையிலேயே டிஷ்யூ தாளில் அவருக்கு எழுதிக் காட்டினேன்: இரண்டின் பெருக்கலை, அவற்றின் வர்க்கங்களின் கூட்டலால் வகுக்க வேண்டும். ஒன்று மட்டும் பூஜ்யமானால் விடையும் பூஜ்யம்; இரண்டும் பூஜ்யமானாலும் பூஜ்யம் என்றே வைத்துக்கொள்வோம். இரண்டும் சமமானால், எவ்வளவு சிறியதானாலும், விடை அரை. இரண்டும் பூஜ்யத்தை விட்டுச் சேர்ந்து நகர்ந்ததுமே பூஜ்யத்திலிருந்து அரைக்கு ஒரே தாவல், நடுவில் படியே இல்லை. அவருடைய நிரலுக்குள் இருந்ததும் இதே வகுத்தல்தான்.

தன் உதவியாளர்கள் எதிரில் அவர் சிரித்தார்.

"அதெல்லாம் உங்க கிளாஸ்ரூம்ல லா, சார். ரெண்டையும் தனித்தனியா செக் பண்ணியாச்சு. இதுக்கு மேல என்ன?"

அந்தத் தாளிலேயே வாயைத் துடைத்துக்கொண்டார்.

அற்பர்களிடம் கோபப்படுவது வீண். 'ஒவ்வொரு மாறியிலும் தனித்தனியே தொடர்ச்சியானது' என்று அறிக்கை எழுதிக் கையெழுத்திட்டேன். ஒரு சொல்கூடப் பொய்யில்லை. அதைப் படித்த ஏழு அதிகாரிகளில் ஒருவரும் சேர்ந்து மாறினால் என்னவென்று கேட்கவில்லை. அவர்கள் சம்பளத்துக்கு அவ்வளவுதான்.

சோதனை நாளைக் குறித்ததும் நான்தான். இளங்காற்று வீசும் காலை, சுமை லேசாக ஆடும்; இரண்டும் சேர்ந்தே மாறும். கொக்கியில் சுமையை மாட்டுபவர் கீழே நிற்பார், சாகவும் கூடும் என்பது எனக்குத் தெரியும். அவர் பெயர் அன்வர், ராமநாதபுரத்துக்காரர். என் தலைக்கவசப் பட்டியைச் சரிசெய்துவிட்டவரும் அவர்தான்.

வடம் துள்ளியது, சுமை அன்வர் மேல் விழுந்தது; அங்கேயே இறந்தார். எல்லோரும் கீழே ஓடினார்கள். நான் நடேசனின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவருக்குக் கடைசியில் புரிந்துவிட்டது. அந்தக் கணம் எனக்கு இனித்தது, மறைக்க மாட்டேன்.

அன்வரின் மனைவி சாயிரா பானுவுக்கு நானே ஊருக்குத் தொலைபேசினேன். தெரிந்தே செய்தேன் என்று சொல்லி, காரணத்தைப் பொறுமையாக விளக்கினேன். அழுதுகொண்டே இருந்தார். அவ்வளவு தெளிவான எடுத்துக்காட்டு, கவனிக்கவே இல்லை.