நாலு மில்லி அகலம்

2007ஆம் வருடம் ஜூலை மாதம் 16ஆம் தேதி திங்கட்கிழமை காலை 11.20 மணிக்கு, அழைக்கப்படாமல் தானே நிலையத்துக்கு வந்த கீழ்க்கண்ட நபர் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டது.

பெயர் கண்ணையன். தகப்பனார் பெயர் கோவிந்தராசு, காலமாகிவிட்டார். வயது 49. தொழில் லேத் பட்டறை. இருப்பிடம் உழவர்கரை, மூன்றாவது குறுக்குத் தெரு.

நான் மேற்படி விலாசத்தில் என் மனைவி கமலாவுடன் குடியிருக்கிறேன். தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டையில் ஒரு லேத்தும் ஒரு டிரில்லிங் மெஷினும் வைத்து இருபத்திரண்டு வருடமாகத் தொழில் செய்கிறேன். இதற்கு முன் என் மேல் எந்த வழக்கும் கிடையாது. இன்று நான் குடித்திருக்கவில்லை. யாரும் என்னை மிரட்டி அழைத்து வரவில்லை. நேற்றுக் காலை பத்து மணியிலிருந்து இந்த நிலையத்தின் பெஞ்சில் உட்கார வைத்திருக்கும் நண்பர் மஜீத்துக்கும் இந்தக் காரியத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. செய்தது நான். முதலில் அதை எழுதிக்கொண்டு அவரை வீட்டுக்கு அனுப்புங்கள் என்று கேட்டேன். முழுவதும் சொல், பிறகு பார்க்கலாம் என்று ஏட்டையா சொன்னதால் முழுவதும் சொல்கிறேன்.

புகார் கொடுத்திருக்கும் விஜயராகவனுக்கு வயது 61 இருக்கும். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டு வந்து பென்ஷன் வாங்குகிறார். அப்படி வந்தவர்களை எங்கள் பக்கத்தில் சொல்தா என்போம். சொல்தா வீடு எது என்று கேட்டால் அவர் வீட்டைத்தான் காட்டுவார்கள். அவர் வீட்டுக்குப் பின்னால் எட்டுக் குழி நிலத்தில் தோட்டம் இருக்கிறது. 2003ஆம் வருடம் அவர் பிரான்சிலிருந்து ஒரு ரயில் என்ஜின் கொண்டுவந்தார். நீளம் முழங்கை அளவுதான் இருக்கும், ஆனால் பொம்மை இல்லை. அடியில் ஸ்பிரிட் விளக்கை ஏற்றி, தண்ணீரைக் கொதிக்கவைத்து, நிஜமான நீராவியில் ஓடுவது. வரும் வழியில் அதன் பிஸ்டன் வளைந்துவிட்டதால் அதைத் தூக்கிக்கொண்டு என் பட்டறைக்கு வந்தார். நான் சரிசெய்து கொடுத்தேன். ஓடவிடத் தண்டவாளம் எங்கே என்று கேட்டேன். நீ போட்டுக் குடுப்பா என்றார். ஆரம்பம் இதுதான்.

அதன் பிறகு நான் நண்பர் மஜீத்தை அழைத்துப் போனேன். மஜீத்துக்கு வயது 51. டவுனில் மரச்சாமான் கடை வைத்திருக்கிறார், செதுக்கு வேலையில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. விஜயராகவனின் பக்கத்து வீட்டு அமுதவல்லி பொதுப்பணித் துறையில் வரைபடம் போடுபவர். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து இரண்டு வாரம் வேடிக்கை பார்த்துவிட்டு, நீங்க வளைக்கிற வளைவுல ஆட்டுக்குட்டி கூட திரும்பாதுண்ணா என்று சொல்லிவிட்டு மூன்றாவது வாரம் காகிதத்தோடு உள்ளே வந்தார். அன்றிலிருந்து நாங்கள் நான்கு பேர். ஞாயிற்றுக்கிழமை தோறும் மூன்று வருடம் வேலை செய்தோம். தண்டவாளமும் சக்கரமும் என்னுடையது. சிலீப்பர் கட்டையும், ஜன்னல் கதவு தூக்கி இறக்கும் ஐந்து தேக்குப் பெட்டிகளும் மஜீத்துடையது. வளைவும் மேடும் செடியும் அமுதவல்லியுடையது. இடமும் என்ஜினும் விஜயராகவனுடையது. நோன்பு மாதத்தில் மஜீத் தண்ணீர்கூடக் குடிக்காமல் இழைப்புளி தள்ளுவார். அந்த மாதம் முழுவதும் தோட்டத்துக்கு டீ வரக்கூடாது என்று சொன்னவர் விஜயராகவன்தான். அவர் அப்படியும் இருந்த மனிதர், அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

இரண்டு தண்டவாளத்துக்கு நடுவில் நாற்பத்தைந்து மில்லி இடைவெளி இருக்க வேண்டும். அதற்காக நான் பித்தளையில் ஒரு அளவுக்கட்டை கடைந்து கொடுத்திருந்தேன். அதை நாங்கள் கேஜ் என்போம், வேலை முடிந்ததும் அது என் பட்டறைக்கே திரும்பிவிடும். கேஜை நடுவில் வைத்து, இரண்டு பக்கமும் தண்டவாளத்தை ஒட்டி நிறுத்தி ஆணி அடித்தால் முடிந்தது. மூன்று வருடத்தில் அந்தத் தோட்டத்தில் ஸ்கேலை வைத்து யாரும் அளந்ததில்லை. அளக்கவா என்று ஒருமுறை அமுதவல்லி கேட்டதற்கு, கண்ணையன் குடுத்தது, அதுக்கு மேல என்ன அளவு என்று விஜயராகவன் சொன்னார்.

அதன் பிறகு 12.11.2006 ஞாயிற்றுக்கிழமை பிரான்சிலிருந்து அவருடைய உறவினர்கள் வந்திருந்தார்கள். ஐந்து பெட்டியையும் சேர்த்து இழுத்துக் காட்ட வேண்டும் என்றார். மேட்டில் ஏறும்போது கொதிகலனில் அழுத்தம் மிஞ்சி, மேலே நான் செய்து பொருத்தியிருந்த வால்வு திறந்து நீராவியை வெளியே விட்டது. அதன் வேலையே அதுதான். உடனே வண்டி நின்றது. உறவினர்கள் சிரித்தார்கள். நான் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல, விஜயராகவன் கட்டுக்கம்பியை எடுத்து அந்த வால்வை இறுக்கிக் கட்டினார். அடுத்த சுற்றில் பெட்டியின் கொக்கி கழன்றதால் மஜீத் குனிந்து அதை மாட்டினார். அப்போது என்ஜினின் பக்கவாட்டில் தண்ணீர் மட்டம் காட்டும் கண்ணாடிக் குழாய் அழுத்தம் தாங்காமல் வெடித்துக் கொதிநீரும் ஆவியும் அவர் வலது கையில் முழங்கை வரை அடித்தது. கமலாவுக்குக்கூட நான் அந்தச் சத்தத்தைச் சொன்னதில்லை.

மருத்துவமனைக்கு விஜயராகவனின் காரில்தான் போனோம். எப்படி நேர்ந்தது என்று அங்கே எழுதுபவர் கேட்டார். விஜயராகவன் சொன்னதை அப்படியே சொல்கிறேன். "வூட்டு வேலைக்கு வந்த தச்சன்ங்க. அடுப்புல இருந்த வெந்நீர கவுத்துக்கினான்." எழுதுபவர் அப்படியே எழுதிக்கொண்டார். உறவு என்ற இடத்தில் கூலியாள் என்று எழுதினார். மஜீத் அரை மயக்கத்தில் இருந்தாலும் அது அவர் காதில் விழுந்தது என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. நான் பக்கத்தில்தான் நின்றேன். வாயைத் திறக்கப்போன என்னை விஜயராகவன் தள்ளிக்கொண்டு போய், கேஸாயிட்டா வால்வு யாரு செஞ்சதுன்னு கேப்பான், நீதான் உள்ள போவ என்றார். நான் வாயை மூடிக்கொண்டேன். இந்த வாக்குமூலத்தில் நான் வெட்கப்பட்டுச் சொல்வது இது ஒன்றுதான்.

மஜீத்தின் வலது கையில் மூன்று விரல் இப்போது மடங்காது. உளியைப் பிடிக்க முடியாது. ஆள் வைத்துக் கடை நடத்துகிறார்.

அதன் பிறகு இந்த வருடம் பொங்கல் முடிந்து நான் விஜயராகவன் வீட்டுக்குப் போனேன். மருத்துவமனையில் போய் எழுதியதைத் திருத்தச் சொல்லுங்கள், இல்லையென்றால் மஜீத் வீட்டுக்கு வந்து ஒரு வார்த்தையாவது சொல்லுங்கள் என்று கேட்டேன். செலவைத்தான் பார்த்துக்கொண்டேனே என்றார். செலவை யார் கேட்டது என்றேன். அதற்கு அவர், "நாலு பேரு கேட்டா என்னான்னு சொல்றது கண்ணையா? தச்சு வேல செய்றவன போயி கூட்டாளின்னா சொல்ல முடியும்?" என்றார். நான் லேத் ஓட்டுபவன். எனக்கும் சேர்த்துத்தான் அது என்று புரிந்தது. சொல்லிவிட்டு, காபி சாப்பிடுறியா என்றும் கேட்டார். அன்று படியிறங்கியவன் பிறகு ஏறவில்லை. அன்றைக்கே மனதில் வைத்துக்கொண்டேன். எப்படி என்று மட்டும் தெரியவில்லை.

மஜீத்திடம் இதைப் பற்றிப் பேசினால், உடுப்பா கண்ணையா, அவரு பயந்துட்டாரு என்று சொல்லிவிடுவார். அவர் மன்னித்தது அவருடைய குணம். நான் மன்னிக்கவில்லை. இப்போதும் இல்லை.

அதன் பிறகு ஜூன் மாதம் விஜயராகவன் கூலிக்கு இரண்டு பேரை வைத்துத் தண்டவாளத்தை நீட்டுகிறார் என்று அமுதவல்லி சொன்னார். அல்லித் தொட்டிக்கு மேலே பன்னிரண்டு அடிக்குப் பாலம், ஜூலை பதினான்கு பிரெஞ்சு தினத்தன்று தூதரக ஆட்களும் சொல்தா சங்கத்தாரும் பார்க்க வருகிறார்கள் என்றார். ஒரு வாரம் கழித்து விஜயராகவனே போன் செய்தார். ஆறு மாதமாகப் பேசாதவர் நேற்றுப் பேசியவர் போலப் பேசினார். கண்ணையா, அந்தக் கேஜு உங்கிட்டதான கீது, ஆள அனுப்புறேன் குடுத்துடு என்றார். நாளைக்கு அனுப்புங்கள் அண்ணே என்றேன்.

அன்று சாயங்காலம் பட்டறையில் ஆட்களை அனுப்பிவிட்டுப் பித்தளையில் புதிதாக ஒரு கேஜ் கடைந்தேன். நாற்பத்தொன்பது மில்லி. என்ஜின் சக்கரத்தின் அகலம் எனக்குத் தெரியும். நாற்பத்தெட்டைத் தாண்டினால் ஒரு பக்கத்துச் சக்கரம் நடுவில் இறங்கிவிடும். பெட்டிகளின் சக்கரத்தை நான் ஆரம்பத்திலேயே அகலமாகச் செய்துவிட்டேன். ஆகவே கையால் பெட்டியைத் தள்ளிப் பார்த்தால் ஒழுங்காகப் போகும், என்ஜின் மட்டும்தான் விழும். பழைய கேஜ் போலத் தெரிவதற்காகப் புதியதை நெருப்பில் வாட்டி எண்ணெயில் தோய்த்துக் கறுக்க வைத்தேன். நாலு மில்லிக்கு ஒரு மயிரிழைகூட ஏறவில்லை, இறங்கவில்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வீட்டுக்குப் போய் இரண்டு தட்டு சோறு சாப்பிட்டேன். மறுநாள் வந்த ஆளிடம் புதியதைக் கொடுத்தனுப்பினேன்.

ஏட்டையா கேட்டதற்குச் சொல்கிறேன். யாருக்காவது காயம் படும் என்று யோசித்தேன். யோசித்ததால்தான் செய்தேன். அந்தக் கேஜ் பாலத்துக்கு மட்டும்தான் பயன்படும், பழைய தடம் ஏற்கெனவே அடித்தாகிவிட்டது. பாலத்துக்கு இரண்டு பக்கமும் ஆறடி தூரத்துக்குத் தண்ணீர், பக்கத்தில் யாரும் நிற்க முடியாது. என்ஜின் விழுந்தால் விளக்கு அணைந்துவிடும். கட்டுக்கம்பி கட்டியவரைவிட நான் அதிகமாகவே யோசித்திருக்கிறேன்.

14.07.2007 சனிக்கிழமை மாலை நாலரை மணிக்கு அமுதவல்லி வீட்டு மாடிக்குப் போனேன். என்னுடைய ரம்பம் ஒன்று அங்கே இருந்தது, அதை எடுக்க வந்ததாகச் சொன்னேன். அமுதவல்லிக்கு வேறு எதுவும் தெரியாது. கீழே முப்பது பேர் இருந்தார்கள். பாலம் அன்று காலையில்தான் முடிந்ததாம். விஜயராகவன் காலை ஊர்வலத்துக்குப் போட்ட கோட்டை மாற்றவில்லை, மெடல் ஐந்தும் நெஞ்சில் இருந்தது. மைக்கில் முதலில் பிரெஞ்சிலும் பிறகு தமிழிலும் பேசினார். இதெல்லாம் என் சொந்த யோசனை, கையாலாகாத நம்மூர் ஆட்களை வைத்துக்கொண்டு இவ்வளவு செய்தேன் என்றார். கையாலாகாத என்ற வார்த்தையை அவர் சொன்னார். மஜீத்தின் கையை அப்படி ஆக்கியவர் சொன்னார்.

அதன் பிறகு வண்டி பழைய தடத்தில் ஒரு சுற்று வந்தது, கைதட்டினார்கள். இரண்டாவது சுற்றில் பாலத்தில் ஏறி ஐந்தடி போனதும் இடது சக்கரம் இறங்கியது. என்ஜின் சாய்ந்து தொட்டிக்குள் போனது. ஐந்து பெட்டியும் பின்னாலேயே போயின. சூட்டோடு தண்ணீரில் விழுந்ததால் கொதிகலன் பிளந்தது. விஜயராகவன் மெடலோடு முழங்கால் தண்ணீரில் இறங்கித் துழாவினார். யாருக்கும் ஒரு கீறலும் இல்லை. பெட்டிகள் மஜீத் செய்தவை என்பதால் அது மட்டும் எனக்கு வருத்தம். தேக்கு, காய்ந்தால் சரியாகிவிடும்.

அன்று ராத்திரி விஜயராகவன் புகார் எழுதியபோது, வேலையிலிருந்து நிறுத்தப்பட்ட தச்சன் மஜீத் விரோதத்தில் ஆணியைப் பிடுங்கிவிட்டான் என்று எழுதியிருக்கிறார். இதை நான் எதிர்பார்க்கவில்லை. என் கணக்கில் நான் விட்ட தப்பு இதுதான். ஒரு குண்டூசியைக்கூடப் பிடுங்க முடியாத கையை வைத்திருப்பவர் மேல் சொல்வார் என்று நினைக்கவில்லை. நேற்று நான் என் மனைவியின் ஊரில் இருந்ததால் இன்று காலையில்தான் தெரிந்தது. தெரிந்ததும் வந்துவிட்டேன். உண்மையான நாற்பத்தைந்து மில்லி கேஜைக் கொண்டுவந்து மேஜை மேல் வைத்திருக்கிறேன். மற்றது பாலத்தில் வேலை செய்த ஆட்களிடம் இருக்கும்.

இவ்வளவும் எழுதிக்கொண்டிருக்கும்போது விஜயராகவன் நிலையத்துக்கு வந்தார். மேஜை மேல் இருந்த கேஜைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். உதவி ஆய்வாளர் அறைக்குப் போய்விட்டு வந்து, தெரியாம அளவு மாறிடுச்சின்னு எழுதிக் குடுத்துடு கண்ணையா, நான் புகார வாப்பஸ் வாங்கிக்கிறேன், மஜீத்தையும் உட்ருவாங்க என்றார். நண்பர் மஜீத்தும் பெஞ்சிலிருந்து எழுந்து வந்து, எழுதிக் குடுத்துட்டு வா, போலாம், ரமீஜா வூட்ல அழுதுக்கினு கீது என்றார். ரமீஜா அவர் மனைவி.

நான் எழுதிக் கொடுக்க மாட்டேன். அளவு எனக்கு மாறியதில்லை. வேண்டுமென்றேதான் செய்தேன், திரும்பச் சந்தர்ப்பம் கிடைத்தால் திரும்பச் செய்வேன். மஜீத்தை இப்போதே அனுப்புங்கள். புகாரை வாபஸ் வாங்க விடாதீர்கள் என்று கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன். என் மேல் வழக்குப் போடுங்கள். வழக்கு நடந்தால்தான் விஜயராகவன் சாட்சிக் கூண்டில் ஏறுவார். சத்தியம் செய்வார். நான் வக்கீல் வைக்கப்போவதில்லை, குறுக்கு விசாரணையை நானே செய்வேன். அவரிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்பேன். மஜீத் உங்களுக்கு யார் என்று கேட்பேன். அவர் பதிலை நாலு பேர் முன்னால் சொல்ல வேண்டும், அதை அரசாங்கம் எழுதிக்கொள்ள வேண்டும். அதற்கு எத்தனை மாதம் உள்ளே இருக்க வேண்டுமோ இருந்துவிட்டு வருகிறேன்.

மேலே கண்டது எல்லாம் நான் சொன்னபடியே எழுதப்பட்டிருக்கிறது. படித்துக் காட்டக் கேட்டேன். கூட்டியோ குறைத்தோ எதுவும் இல்லை, அத்தனையும் நிஜம்.

(ஒப்பம்) கோ. கண்ணையன்

பதிவு செய்தவர் குறிப்பு: படித்துக் காட்டியபோது, முதல் பக்கத்தில் இரண்டு இடத்திலும் மூன்றாம் பக்கத்தில் ஒரு இடத்திலும் நான் "தச்சன் மஜீத்" என்று எழுதியிருந்ததை அடித்து "நண்பர் மஜீத்" என்று மாற்றும்படி வாக்குமூலம் கொடுத்தவர் வற்புறுத்தினார். மாற்றப்பட்டது. மூன்று திருத்தத்திலும் அவர் சுருக்கொப்பம் பெறப்பட்டது. புகார்தாரரின் வாசகத்தைத் திருத்தத் தேவையில்லை, அது அவர் வாயில் இருந்தபடியே இருக்கட்டும் என்று சொன்னார்.