ஒற்றை டிக்கெட்

மட்டாஞ்சேரி படகு ஜெட்டியில் பெண்கள் வரிசை எப்போதும் சின்னது. தெரிந்தவர் தெரியாதவர் எல்லோரும் அங்கே நிற்பவளிடம்தான் டிக்கெட் எடுக்கச் சொல்வார்கள். எனக்கு முன்னால் நகரசபைத் துப்புரவுப் பணியாளர்களின் பச்சைக் கோட்டில் ஒருத்தி நின்றாள். அவளுடைய கூட்டாளி, சற்று மூத்தவள், வரிசையில் சேராமல் கம்பியில் சாய்ந்திருந்தாள்.

"எனக்கு நானே சாரி சொல்லிட்டேன்க்கா."

"எங்க வச்சு?"

"கண்ணாடி முன்னாடி. கவுன்சலிங் டீச்சர் சொன்னாங்க. இனி யாரு விட்டுட்டுப் போனாலும் என்னை நான் திட்டமாட்டேன்."

"கொள்ளாம், ரொம்ப நல்லாருக்கு! புருஷன் போனதுலேர்ந்து 'நான் என்ன தப்பு பண்ணினேன்'னு ஊரெல்லாம் கேட்டே. யாரும் கோவிச்சுக்கக் கூடாதுன்னு எங்களுக்கெல்லாம் தினமும் மீன் வறுத்துக் கொண்டாந்தே. இப்பக் கண்ணாடியைக் கொஞ்சறியா? அது சாயா வாங்கித் தருமா?"

"தராது. மீன் வறுவலும் கேக்காது."

"முத்திடுச்சுடீ உனக்கு."

கவுண்டரில் இளையவள் ஒரே ஒரு டிக்கெட் வாங்கிக்கொண்டு படகை நோக்கி நடந்தாள்.

"அடீ, எனக்கு?"

"வரிசை சின்னதுதான்க்கா. நின்னு எடுத்துட்டு வாங்க."

மூத்தவள் கம்பியை விட்டு நிமிர்ந்தாள்.

"என்னை விட்டுட்டுப் போறியா? நான் என்னடீ தப்பு பண்ணினேன்?"